பள்ளிக்கும் பரதேசத்துக்கும் இடையில்: கொழும்பிற் காத்திருந்த இளைஞர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பள்ளிப் படிப்பை முடித்த இளைஞன் ஒருவன் உடனே பல்கலைக்கழகத்துட் புகாது, ஓராண்டைத் தனக்கென ஒதுக்கி, அந்நிய நாடொன்றில் வாழ்ந்து திரும்பும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேற்குலகில் வேரூன்றியது. பிரித்தானியாவில் அலெக் டிக்சன் என்பார் 1958இல் தொடக்கிவைத்த கடல்கடந்த தொண்டர் சேவை, ஆரம்பத்தில் இத்தகைய பதினெட்டு வயதினரையே ஆசிய, ஆபிரிக்க நாடுகளுக்கு அனுப்பிற்று. கட்டாய இராணுவச் சேவை அந்நாட்டில் முடிவுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் விழும் காலத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்ற வினாவுக்கு அச்சேவை ஒரு விடையாக அமைந்தது எனலாம். அவ்வாறு சென்றோர் பிற்காலத்தில் எழுதிய குறிப்புகளில் தனிமை, மொழி அறியாமை, புதிய உணவு, மனம் விரிந்த கதை ஆகியன மீண்டும் மீண்டும் வரும். எனினும் அக்குறிப்புகள் அனைத்துக்கும் அடியில் ஒரு நிச்சயம் கிடக்கின்றது: திரும்பி வந்தால் பல்கலைக்கழக இடம் அங்கே இருக்கும், வீடும் அங்கே இருக்கும் என்பதே அது.

ஈழத்தமிழ் இளைஞர் வரலாற்றிலும் இத்தகையதோர் இடைக்காலம் உண்டு. அது எவரும் தேர்ந்துகொண்டதன்று, விதிக்கப்பட்டது. ஓராண்டென்று தொடங்கி ஈராண்டாகவும் மூவாண்டாகவும் நீண்டது. அது கழிந்த இடம் பெரும்பாலும் கொழும்பு. அதிலும் சிறப்பாக வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும். இவ்விரு பகுதிகளின் அண்மைக்கால வரலாற்றை வணிகம், கோயில், சங்கம், பாடசாலை என்பவற்றின் வரலாறாக எழுதுவோர், அவற்றின் விடுதி அறைகளிற் காத்துக் கிடந்த தலைமுறையொன்றை எளிதிற் கடந்துசென்றுவிடுகின்றனர்.

யாழ்ப்பாணத்து இளைஞனுக்குக் கொழும்பே முதலிற் பரதேசமாக இருந்தது என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை தலைநகரோடு இணைந்தபின் எழுதுவினைஞர் வேலைக்கும் கணக்காளர் வேலைக்கும் வந்த இளைஞர் கூட்டம் கொழும்பிற் பெருகிற்று. மலாயாவுக்குக் கப்பலேறியவர்களின் தம்பிமார் இவர்கள் எனக் கூறினும் தவறாகாது. ஊரிலிருந்து வந்த நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஒருவரை வைத்து, செலவைப் பங்கிட்டு வாழ்ந்த முறை ‘சமறி’ எனப் பெயர் பெற்றது. வெள்ளவத்தைக்குச் ‘சின்ன யாழ்ப்பாணம்’ என்ற பெயரைத் தேடிக்கொடுத்ததில் அங்கு வீடு கட்டிய உத்தியோகத்தருக்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு இச்சமறிகளுக்கும் உண்டு. 1942இல் நிறுவப்பட்டுப் பின்னர் வெள்ளவத்தையில் நிலைகொண்ட கொழும்புத் தமிழ்ச் சங்கமும், அங்குள்ள இராமகிருஷ்ண மிஷனும் இவ்வாறு ஊர் விட்டு வந்தோருக்கு மாலை வேளைகளிற் சென்று அமர்வதற்கு இடம் தந்தன. கொட்டாஞ்சேனையின் இயல்பு வேறு. அது துறைமுகத்தை ஒட்டிய பழைய நகர்ப்பகுதி. புனித லூசியா பேராலயமும், 1902இல் தோன்றிய விவேகானந்த சபையும், சற்றே அப்பால் பொன்னம்பலவாணேசர் கோயிலும், கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயமும் அருகருகே நிற்கும் இடம். இங்கு வாடகை குறைவு. புறக்கோட்டை பஸ் நிலையமும் கோட்டைப் புகையிரத நிலையமும் அண்மை. ஆகவே பொருள் உடையோர் வெள்ளவத்தையிலும் அஃதில்லாதோர் கொட்டாஞ்சேனையிலும் தங்கும் வழக்கம் பின்னர் ஏற்பட்டதில் வியப்பில்லை.

1956ஆம் ஆண்டு மூன்று வகையில் நினைக்கத்தக்கது. யாழ்தேவி புகையிரதம் அவ்வாண்டிலேதான் ஓடத் தொடங்கிற்று. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியதும் அவ்வாண்டிலேதான். யாழ்தேவி கொழும்புக்கு ஏற்றி வந்த இளைஞனுக்குக் காத்திருந்த அரசாங்க வேலைகளின் கதவை அச்சட்டம் சாத்திற்று. மூன்றாவது நிகழ்ச்சி அன்று எவர் கவனத்தையும் ஈர்த்திராது. குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் என்பவர் நோர்வே நாட்டைச் சென்றடைந்ததே அது. இதன் விளைவு கால் நூற்றாண்டின் பின்னரே தெரியவந்தது.

எழுபதுகளின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல், பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலிருந்த சிறு இடைவெளியைப் பள்ளமாக்கியது. 1971ஆம் ஆண்டு அனுமதியின்போது மருத்துவம் பயில்வதற்குத் தமிழ் மொழிமூலம் தோற்றியவருக்கு 400க்கு 250 புள்ளிகளும், சிங்கள மொழிமூலம் தோற்றியவருக்கு 229 புள்ளிகளும் வேண்டியிருந்தன. 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு மன்னார், வவுனியா, மட்டக்களப்பு முதலிய மாவட்டங்களின் மாணவருக்கு ஒரு புதுவாயிலைத் திறந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வாசித்த தமிழ் மாணவர்க்கோ அதே ஒதுக்கீடு வாயிலை மேலும் ஒடுக்கிற்று. மாணவர் வழக்கில் ‘ஷை’ எனப்படும் முயற்சி ஒருவருக்கு மூன்று முறையே உண்டு. முதல் முறை தவறியவன் இரண்டாம் முறைக்கும், அதுவும் தவறியவன் மூன்றாம் முறைக்கும் காத்திருந்தான். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பகுதிகளின் ரியூட்டரிகள் இக்காத்திருப்பை முதலாகக் கொண்டு வளர்ந்தவை. சில புள்ளிகளால் ஓர் இளைஞனின் வாழ்க்கை திசைமாறிய காலம் அது. புள்ளி என்ற சொல்லுக்குத் தமிழர் சமூகத்தில் அன்று ஏற்பட்ட பாரம் இன்னும் இறங்கவில்லை.

மூன்று முறையும் முயன்றபின் எஞ்சிய வழி கடல் கடப்பதே. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் லண்டன் சென்று அங்கு உயர்தரத்தை மீண்டும் எழுதினர்; கணக்கியல் படித்தனர்; இரவில் வேலை செய்தனர். வெளிநாட்டு மாணவர் முழுக் கட்டணமும் செலுத்தவேண்டும் எனப் பிரித்தானிய அரசு 1979இல் தீர்மானித்தபோது இவ்வழி மத்தியதர வகுப்பினர் பலருக்கு எட்டாததாயிற்று. 1983 யூலையில் நிகழ்ந்த வன்செயல், படிப்புக்காகப் போதல் என்பதற்கும் உயிருக்காகப் போதல் என்பதற்கும் இடையிலிருந்த வேற்றுமையை அழித்துவிட்டது. வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளின் மக்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதிகளாகத் தங்கினர். முதல்வாரம் வரை அதே கல்லூரியில் மாணவராய் இருந்தோரும் அவர்களுள் இருந்திருப்பர். இரண்டாண்டு கழித்து, 1985 மே மாத இறுதியில், பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் மக்கள்மீது அது இவ்விதியை விதித்தது அதுவே முதன்முறை.

மற்றொரு வழி கிழக்கு பெர்லின் ஊடாக இருந்தது. சோவியத் விமானத்தில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு ஜேர்மனியில் இறங்கி, அங்கிருந்து நகரப் புகையிரதத்தில் ஏறினால் மேற்கு பெர்லின். பெர்லினை ஒரே நகரமெனக் கருதிய மேற்கு வல்லரசுகள் தம் பக்கத்தில் எல்லைச் சோதனை நடத்தவில்லை. வல்லரசுகளின் சட்டப் பிடிவாதத்தில் இருந்த இச்சிறு நீக்கலினூடே ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர் நுழைந்தனர். 1985 நடுப்பகுதியில் அதுவும் அடைபட்டது. அடுத்த ஆண்டு ஓகஸ்டில், மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறிய 155 தமிழர் கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்தபோதுதான் உலகப் பத்திரிகைகள் இவ்வோட்டத்தைக் கண்டன.

இவ்வழிகளுள் ஒன்று தனித்து நோக்கத்தக்கது. 1967இல் அந்தோனி இராஜேந்திரம் நோர்வேயின் மதுவிலக்கு இளைஞர் இயக்கத்தினரின் துணையோடு யாழ்ப்பாணத்திற் சீநோர் நிறுவனத்தைத் தொடக்கினார். படகு கட்டுதலும் வலை பின்னுதலும் மீனவரை முன்னேற்றுதலுமே அதன் நோக்கம். அத்தொடர்பின் வழியே சிறுதொகை இளைஞர் நோர்வே சென்றனர். 1975இல் நோர்வே குடிவரவை நிறுத்தியபின் வேலைக்காக அங்குச் செல்லுதல் இயலாதாயிற்று. மாணவராகச் செல்லுதல் இயன்றது. மாணவராகச் சேர்வதற்கு எளிதாக இருந்தவை அந்நாட்டின் நாட்டார் உயர் பள்ளிகள்.

இப்பள்ளிகளின் தோற்றத்தைச் சிறிது விரித்துரைத்தல் பொருந்தும். டென்மார்க் நாட்டுச் சமயச் சிந்தனையாளரும் கவிஞருமான குருண்ட்விக் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு கருத்தை முன்வைத்தார். இலத்தீன் மொழியும் பரீட்சையும் இளைஞரின் உயிர்ப்பைக் கெடுக்கின்றன. குடியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில், உரையாடலால், கூடி வாழ்தலாற் கல்வி புகட்டும் பள்ளிகள் வேண்டும் என்பது அக்கருத்து. அதனை ஒட்டி 1844இல் டென்மார்க்கின் ரோடிங் என்னுமிடத்தில் முதற் பள்ளி எழுந்தது. நோர்வேயின் முதலாவது பள்ளி 1864இல் ஹாமர் நகரில் தோன்றிற்று. இப்பள்ளிகளில் மாணவர் ஒரு கல்வியாண்டு தங்கிப் பயில்வர். பரீட்சை இல்லை, புள்ளி இல்லை, பட்டமும் இல்லை. இசை, கைத்தொழில், நாடகம், பனிச்சறுக்கு, மலையேற்றம் முதலியனவே பாடங்கள். ஆசிரியரும் மாணவரும் ஒரே மேசையில் உண்பர். பள்ளி முடித்த நோர்வே இளைஞர் பல்கலைக்கழகம் செல்லுமுன் தம்மை அறிந்துகொள்ளும் பொருட்டு இங்கு ஓராண்டைக் கழிப்பது அன்றும் வழக்கம், இன்றும் வழக்கம். மேற்குலகம் பின்னர் கொண்டாடிய இடைவெளி ஆண்டிற்கு இதனினும் மூத்த வடிவம் காண்பது அரிது.

எண்பதுகளில் இப்பள்ளிகளின் அனுமதிக் கடிதம் கொழும்பு விடுதிகளிற் கைமாறிப் பேசப்படும் பொருளாயிற்று. பரீட்சையை வெறுத்த ஒருவரின் கனவிலிருந்து பிறந்த பள்ளிக்கு, பரீட்சைப் புள்ளிகளால் விரட்டப்பட்ட இளைஞர் கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தனர். ஊரில் மூன்று முறை எழுதியும் போதாதிருந்த தகுதியை அங்கு எவரும் வினவவில்லை. ஆயின் இருசாராரும் அதே ஆண்டினை வெவ்வேறு கண்கொண்டு நோக்கினர். நோர்வே மாணவனுக்கு அது பொழுது. தமிழ் மாணவனுக்கு அது தவணை. பனிச்சறுக்குப் பழகிய பதினெட்டு வயதினன் ஒருவன் அடுத்த ஆண்டு எங்கே படிப்பது எனச் சிந்தித்தான். அவன் அருகில் நின்ற தமிழ் இளைஞன் அடுத்த ஆண்டு விசா நீடிக்குமா, வட்டிக்கு வாங்கிய பணத்தை எவ்வாறு அடைப்பது, தங்கையின் சீதனத்துக்கு என்ன செய்வது எனச் சிந்தித்தான். கல்வியாண்டு முடிந்ததும் பலர் வடகோடியிலுள்ள பின்மார்க் பகுதியின் மீன் பதனிடும் ஆலைகளுக்கு வேலைக்குச் சென்றனர். குருநகர் மீனவருக்காகத் தொடங்கிய ஒரு முயற்சி, உயர்தரம் படித்த பிள்ளைகளை வடதுருவக் கடலின் மீன் மேசைகளிற் கொண்டுசேர்த்தது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. அங்கிருந்து கொண்டே அவர்கள் தமிழில் எழுதினர் என்பதையும் மறத்தலாகாது. நோர்வேயிலிருந்து ‘சுவடுகள்’, மேற்கு ஜேர்மனியிலிருந்து ‘தூண்டில்’, சுவிற்சர்லாந்திலிருந்து ‘மனிதம்’, பிரான்சிலிருந்து ‘ஓசை’ என எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் வெளிவந்த ஏடுகள், அந்நிய வாழ்க்கையைப் பற்றி அத்தலைமுறை தன்னோடு தானே நிகழ்த்திய விசாரணைகள்.

அவ்வெழுத்துகளில் ஒரு மௌனம் உண்டு. ஊரைப் பற்றி எழுதினர். எல்லைக் காடுகளைப் பற்றியும், அகதி முகாம்களைப் பற்றியும், உணவகங்களில் பாத்திரம் கழுவிய இரவுகளைப் பற்றியும் எழுதினர். இடையிலே கொழும்பு விடுதியிற் கழிந்த காலம் ஒப்பளவிற் சிறிதே பேசப்பட்டது. காத்திருத்தலில் நிகழ்ச்சி எதுவும் இல்லை என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும் அக்காலமே பலருக்கு நீண்டதாக இருந்தது. 1990இற்குப் பின் யாழ்தேவி யாழ்ப்பாணம் செல்லவில்லை. கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகில் தாண்டி, வவுனியாவில் அனுமதிச்சீட்டுக்குக் காத்திருந்து, கொழும்பை அடைந்தவனுக்குத் திரும்பிப் போவது எளிதன்று. விடுதியின் ஓர் அறையில் நால்வர் ஐவர் கிடந்தனர். காலையில் முகவரிடம் செல்லுதல், ‘நாளை’ என்ற சொல்லைப் பெற்றுத் திரும்புதல், மாலையிற் காலி வீதியின் கொமினிகேஷன் கடையொன்றில் லண்டனிலோ பாரிசிலோ உள்ள அண்ணனின் அழைப்புக்காக நிற்றல் என்று நாட்கள் சென்றன. செவ்வாய்க்கிழமைகளிற் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் இந்துக்களும் சென்று மெழுகுதிரி ஏற்றினர். முகவருக்குக் கொடுக்கும் பணத்துக்காகச் செட்டியார் தெருவின் நகைக்கடைகளில் தாயின் தாலிக்கொடி நிறுக்கப்பட்டது. விடுதி வாடகை நாட்கணக்கிற் கூடியது. மேற்குலக இளைஞனின் இடைவெளி ஆண்டு சேமிப்பிலிருந்து செலவாயிற்று. இவனுடையது கடனாக வளர்ந்தது.

பெண்கள் காத்திருந்த வரலாறு இன்னும் குறைவாகவே பதிவுபெற்றுள்ளது. வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு நிச்சயிக்கப்பட்ட பெண், பெரும்பாலும் தாயோடு, வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்துத் தங்கினாள். தூதரக நேர்முகத்தின்போது திருமணம் உண்மையானதே எனக் காட்டத் திருமண அல்பமும் கடிதங்களும் தேவைப்பட்டன. உயர்தரத்திற் சிறந்த பெறுபேறு பெற்றிருந்த பெண்களும் அவ்வரிசையில் நின்றனர். அவர்களின் சான்றிதழ்களை அந்நேர்முகங்களில் எவரும் கேட்கவில்லை.

இக்காத்திருப்பு தமிழருக்கு மட்டுமே உரியதென்று கொள்வதும் பிழையாகும். 1987 முதல் தென்னிலங்கைக் கிளர்ச்சியின் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடப்பட்டபோது சிங்கள இளைஞரும் இரண்டு மூன்று ஆண்டுகள் வீட்டில் இருந்தனர். அந்த இடைவெளி அவர்களுட் பலரை உயிரோடு விடவில்லை. ஆனால் தலைநகரில் ஓர் அறையில் இருத்தலே சந்தேகத்துக்குரிய செயலாகக் கொள்ளப்பட்டது தமிழ் இளைஞர்க்கு நேர்ந்தது. விடுதியில் தங்குவோர் பொலிஸ் பதிவு செய்யவேண்டும். அப்பதிவின்போதும், 1996இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பின்பின் மிகுந்த சுற்றிவளைப்புகளின்போதும், கேட்கப்பட்ட வினா ஒன்றே: கொழும்பில் நிற்பதற்குக் காரணம் என்ன? காத்திருக்கிறேன் என்பது காரணமாக ஏற்கப்படாத விடை. முகவரின் பெயரைச் சொல்லவும் இயலாது. ஆகவே வைத்தியம், வகுப்பு, உறவினர் வீட்டு விசேடம் என ஏதாவதொரு காரணத்தைத் தேடிக்கொள்ளவேண்டியிருந்தது. 2002இல் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ-9 வீதி திறந்தபோது இவ்வினா சிலகாலம் ஓய்ந்தது. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டதும் விடுதிகள் மீண்டும் நிறைந்தன, வினாவும் மீண்டது.

அவ்வினாவின் முழுப்பொருள் 2007 யூன் 7ஆம் நாள் வெளிப்பட்டது. அன்று விடியுமுன்னரே பொலிசார் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் விடுதிகளுட் புகுந்து, தக்க காரணமின்றித் தங்கியிருப்பதாகக் கூறி 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றி, வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். பொருள்களை எடுத்துக்கொள்ள மிகச் சொற்ப நேரமே தரப்பட்டது. வெளிநாடு செல்லும் பொருட்டு வந்திருந்தோர், வேலை தேடி வந்தோர், சிகிச்சைக்கு வந்த முதியோர் எனப் பலதிறத்தாரும் அப்பஸ்களில் இருந்தனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் மறுநாளே இவ்வெளியேற்றத்தை இடைநிறுத்திற்று. சில நாளிற் பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். இலங்கைக் குடிமகன் ஒருவன் தன் நாட்டின் தலைநகரில் தங்குவதற்குக் காரணம் காட்டவேண்டுமா என்ற வினா அந்த ஒரு நாள் மட்டும் நாடெங்கும் உரத்துக் கேட்கப்பட்டது. கொழும்பே முதற் பரதேசம் என ஒரு காலத்திற் பேச்சுக்காகச் சொல்லப்பட்டது அன்று எழுத்துக்கு எழுத்து உண்மையாயிற்று.

போர் 2009இல் முடிந்தது. யாழ்தேவி 2014இல் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. விடுதிகள் இருந்த இடங்கள் பலவற்றில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. அவற்றில் வெளிநாட்டில் உள்ளோர் வாங்கிப் பூட்டிவைத்த வீடுகளும் உண்டு. முன்னர் ஓர் அறையில் ஐவராய்க் கிடந்தவர்கள் இன்று ஆண்டுக்கு ஒருமுறை வந்து அவ்வீடுகளைத் திறந்து, பிள்ளைகளைக் காலி வீதியில் நடத்திக்கொண்டு செல்கின்றனர். பொருளாதார நெருக்கடி மிகுந்த 2022ஆம் ஆண்டில் மட்டும் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. அவ்வரிசையில் இம்முறை எல்லா இனத்து இளைஞரும் நின்றனர். வந்துபோகும் பிள்ளைகள், லண்டனிலும் ஒஸ்லோவிலும் பள்ளியை முடித்து, பல்கலைக்கழக இடத்தை ஓராண்டு ஒத்திவைத்துவிட்டு, தாய் தந்தையரின் ஊரைப் பார்க்க வருபவர்களாகவும் இருக்கின்றனர். அவர்கள் தங்கும் மாடியின் கீழே முன்பொரு விடுதி இருந்தது என்பதைத் தந்தை சொல்லியிருந்தாலன்றி அறிய வழியில்லை.